உப்பு வணிகர் வைத்த சோற்றுக்கடை

நேபாளம் என்றதும் எம்மவர் பலருக்கும் நினைவில் எழுவன பனிமலையும் பசுபதிநாதர் திருக்கோயிலுமே. எங்கள் ஆலையடிவேம்புப் பகுதியிலே பனங்காட்டில் பாசுபதேசுவரர் ஆலயம் இருப்பதனால், காத்மாண்டுப் பசுபதிநாதரும் எமக்கு அயலவர்போலவே தோன்றுகின்றார். வைணவ அன்பர்களுக்கோ முத்திநாத் உண்டு. திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம் அதுவே என்பது அவர்தம் கொள்கை. ஆயினும் தெய்வத்தைத் தரிசிக்கச் செல்வோரும் மூன்று வேளை உண்ணவேண்டியவர்களே அன்றோ? கோயில்களைப் பற்றி எழுதியோர் பலர் ஆதலால், நாம் இங்கே அந்நாட்டுச் சாப்பாட்டுக்கடைகளைப் பற்றியே சொல்லப் புகுகின்றோம்.

பயணம் புறப்படுமுன், கட்டார் நாட்டில் நேபாளத் தொழிலாளரோடு பல ஆண்டுகள் ஒரே விடுதியில் வாழ்ந்து மீண்ட எமது ஊரவர் ஒருவர், "பருப்பும் சோறும் எங்கட மாதிரித்தான்; கடுகெண்ணெய் மணத்துக்குப் பழகினால் போதும்" என்று சொல்லியனுப்பினார். அவர் வாக்குப் பொய்க்கவில்லை.

பொக்காரா நகரிலும், அங்கிருந்து முத்திநாத்துக்குச் செல்லும் வழியூர்களிலும், 'தகாலி' என்னும் பெயர் தாங்கிய உணவுக்கடைகள் மிகப் பல. உள்ளே அமர்ந்ததும் வெண்கலத் தட்டொன்று வருகின்றது. நடுவிலே சோறு, சுற்றிலும் சிறு கிண்ணங்கள். கறுப்பு உளுந்தை உமி நீக்காது இரும்புச் சட்டியில் வேகவைத்து, நெய்யிலே 'சிம்பு' என்ற மலைப்பூண்டின் உலர்ந்த தாளைத் தாளித்துக் கொட்டியது முதற் கிண்ணம். அதன் மணம் எம் வீடுகளில் இல்லாத மணம். ஆயினும் ஒருமுறை நுகர்ந்தோர் மறவார். கடுகுக்கீரை, உருளைக்கிழங்கு, தயிர் ஆகியன தொடர்ந்து வருவன. 'குந்துருக்' என்றொரு பொருளும் உண்டு. முள்ளங்கி, கடுகு முதலியவற்றின் இலைகளைப் புளிக்கவைத்துப் பின் வெயிலில் உலர்த்தி, கீரையற்ற காலத்துக்காகச் சேமித்து வைக்கின்றனர். தக்காளியும் மிளகாயும் சேர்த்து அரைத்ததற்கு 'அச்சார்' என்று பெயர். நாம் அச்சாறு என்றால் அது ஊறுவது. அவர்களுடையதோ சம்பலுக்கு உறவு.

தட்டிலே சோறு குறையக் குறையப் பரிமாறுவோர் கேளாமலே மீண்டும் வந்து இடுகின்றனர். எத்தனை முறை இட்டாலும் விலை ஒன்றே. இடும் அகப்பை உண்பவர் தட்டிற் படாதவாறு உயரத்திலிருந்தே இடுவர். எச்சில் என நாம் அஞ்சுவதை அவர்கள் 'சூட்டோ' என்கின்றனர். நீர்ச் செம்பை உதட்டிற் படாமல் அண்ணாந்து பருகும் முதியோரைக் கண்டபோது, எங்கள் பாட்டன்மாரே அங்கு வந்து அமர்ந்திருப்பதாக மயங்கினோம். மாமிசம் விரும்புவோர் கோழியோ ஆட்டிறைச்சியோ தனியே கேட்டுப் பெறலாம்.

தகாலியர் என்போர் யார்? அன்னபூர்ணா, தவளகிரி என்னும் இரு பெருமலைகளும் 8,000 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்க, அவற்றிடையே காளி கண்டகி ஆறு ஓடுகின்றது. சாளக்கிராமக் கற்களைத் தருவது இவ்வாறே. அப்பள்ளத்தாக்கில் வாழும் சிறு சமூகத்தவரே தகாலியர். தீபெத்திலிருந்து உப்பு இறங்கும். தெற்கேயிருந்து தானியம் ஏறும். இரண்டும் கைமாறும் இடம் அவர்களுடைய துக்குச்சே என்ற ஊர். கழுதைகளோடும் எருதுகளோடும் வரும் வழிப்போக்கர் தங்குவதற்குப் பெண்கள் தங்கள் வீட்டு அடுப்படியையே சத்திரமாக்கினர். உணவுக்கு மாத்திரம் விலை பெறுவர். படுக்க இடம் இலவசம். 1959ஆம் ஆண்டுத் தீபெத்துக் கிளர்ச்சிக்குப் பின் எல்லை வாணிகம் சுருங்கிற்று. இந்தியக் கடலுப்பும் மலிவாக மலையேறிற்று. குலத்தொழில் கைவிட்டுப் போன அம்மக்கள், அடுப்படியைக் கைவிடாது பொக்காராவுக்கும் காத்மாண்டுவுக்கும் இறங்கிச் சென்றனர். இன்று நகரத்தார் நாடிச் செல்லும் கடைகள் அவ்வடுப்படியின் வழிவந்தவை.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கருதவேண்டும். சோற்றைக் கடையில் விற்பது அந்நாட்டில் எளிதான செயலாக இருக்கவில்லை. 1854ஆம் ஆண்டில் சங் பகதூர் ராணா பிறப்பித்த 'முலுகி ஐன்' என்னும் சட்டக்கோவை, யார் கைச் சோற்றை யார் உண்ணலாம், யார் கை நீரை யார் பருகலாம் என்பதையெல்லாம் சட்டமாகவே எழுதி வைத்திருந்தது. 1963இல் வந்த புதிய கோவையே அவ்வேற்றுமைக்குச் சட்டத்தின் துணையை நீக்கிற்று. நாமும் அவர்களைப் பார்த்து நகைக்க உரியோமல்லோம். எமது நாட்டில் 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்த பின்னரும், 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளிலே எல்லோரும் ஒப்ப அமர்ந்து அருந்துவதற்குப் போராட்டம் வேண்டியிருந்தது. நாம் உண்ட கடையில் பூணூல் அணிந்த பெரியவரும் சுமைதூக்கும் இளைஞரும் ஒரே பலகையில் அமர்ந்து ஒரே பானைச் சோற்றை உண்டனர். ஒருவரும் அதனைப் புதுமையாகக் கருதவில்லை.

ஊர் திரும்பிய பின் வகுப்பிலே இதனைக் கூறியபோது, "சேர், அவ்வளவு தூரம் போய்ச் சோறும் பருப்புமா சாப்பிட்டீங்க?" என்று ஒரு மாணவன் வினவினான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அச்சிரிப்பு எம்மைச் சற்றே வருத்திற்று. நெல் விளையும் மாவட்டம் எமது. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் மாலை வேளையில் கொத்துரொட்டியின் தகரவோசை வீதியை நிறைக்கின்றது. புரியாணியும் பிரைட் ரைசும் குறைவின்றிக் கிடைக்கின்றன. இசுலாமியச் சகோதரரின் புரியாணியை நாமும் விரும்பி உண்பவர்களே. ஆனால் ஆற்றுமீன் புளியாணமும், குறிஞ்சாச் சுண்டலும், குரக்கன் பிட்டும், எருமைத் தயிரும் வேண்டுமென்று வெளியூரார் ஒருவர் கேட்டால், அவரை எந்தக் கடைக்கு அனுப்புவது? வீட்டுக்கு அழைத்து வருவதன்றி வேறு வழி அரிது. வீட்டிலோ, விருந்தினர் வந்துவிட்டார் என்று கடைப் புரியாணிக்கு ஆளனுப்புகின்றோம்!

நேபாளத்தில் 'திண்டோ' என்றொரு களி உண்டு. குரக்கன் மாவையோ சோள மாவையோ கொதிநீரிற் கொட்டி, மரத்துடுப்பால் இறுகக் கிளறி எடுப்பது. நெல் விளையாத மேட்டுநிலத்து ஏழைகளின் உணவு என ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டிருந்த அதனை, இன்று காத்மாண்டுவில் கற்றோர் குடும்பத்தோடு சென்று விலை கொடுத்து உண்கின்றனர். கடைக்காரர் அதனை மாற்றவில்லை, நல்ல தட்டிலே, நல்ல நெய்யோடு வைத்தனர், அவ்வளவே.

'மோமோ'வைச் சொல்லாது விட்டால் இளைஞர் எம்மை மன்னியார். தீபெத்திலிருந்து வந்த இது, மோதகத்தைப் போல மாவினுள்ளே பூரணம் வைத்து ஆவியில் அவிப்பது. வெல்லமும் பயறும் இருக்கவேண்டிய இடத்தில் கோவாவோ எருமை இறைச்சியோ இருக்கும். ஆதலால் மரக்கறி உண்போர் கேட்டறிந்து வாங்குதல் நன்று.

முத்திநாத் 3,700 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளமையால், செல்வோர் ஒரே நாளில் ஓடி ஏறாது, சோம்சோமில் ஓரிரவு தங்கி உடலைப் பழக்கிக்கொள்வது நலம். பொக்காராவிலிருந்து சோம்சோம் வரை சிறு விமானங்கள் பறக்கின்றன. முற்பகல் கழிந்ததும் பள்ளத்தாக்கிலே கடுங்காற்று எழுவதால், அவை காலையில் மாத்திரமே பறக்கும். மேகம் மூடிக் காலை விமானம் வாராதொழிந்தால், யாத்திரிகர் மறுநாள்வரை காத்திருக்க நேரும். அவ்வாறு காத்திருந்த ஒரு மதியம், விடுதி அம்மையார் இரண்டாம் முறை சோறு இட வந்தபோது போதுமென்று கையால் மறித்தோம். அவர் எமது கைக்கு மேலாகப் பருப்பை ஊற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே அடுத்த பலகைக்குச் சென்றார்.