கல்லிலே பெயர் எங்கே?

திருச்சியிலிருந்து சென்னை செல்லும் பெருஞ்சாலையிலே, பெரம்பலூரைத் தாண்டிச் சென்றால் ரஞ்சன்குடிக் கோட்டை கண்ணிலே படும். கருங்கல் மதில், கொத்தளம், அகழி — மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாமல் நின்றுகொண்டிருக்கின்றன. வேப்பந்தட்டை வட்டாரத்துத் தோழர்களுக்கு அது புதிய காட்சியல்ல. எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றிச் செல்பவரும், பருத்தி மூட்டையோடு சந்தைக்குச் செல்பவரும் பார்த்துப் பார்த்துப் பழகிய கோட்டை.

1751ஆம் ஆண்டு, இந்தக் கோட்டைக்கும் வாலிகண்டபுரத்துக்கும் நடுவேயுள்ள மண்ணிலே ஒரு போர் நடந்தது. ஆர்க்காட்டு நவாபு யார் என்பதிலே சந்தா சாகிபுக்கும் முகமது அலிக்கும் தகராறு. முன்னவருக்குத் துணை பிரெஞ்சுக்காரன். பின்னவருக்குத் துணை இங்கிலீஷ்காரன். போரிலே இங்கிலீஷ் படை தாக்குப்பிடிக்க முடியாமல் திருச்சிக்குப் பின்வாங்கிற்று. அந்தப் படையோடு வந்தவர்களிலே இராபர்ட் கிளைவும் ஒருவன். சரித்திரப் புத்தகத்தைப் புரட்டினால் சந்தா சாகிபு பெயர் இருக்கும், முகமது அலி பெயர் இருக்கும், கிளைவின் பெயர் கொட்டை எழுத்திலே இருக்கும்.

பட்டம் கேட்டவன் பெயர் இருக்கிறது. பங்கு கேட்டவன் பெயர் இருக்கிறது. இரண்டு பக்கத்திலும் நின்று குண்டடிபட்டு, இந்த மண்ணிலே சாய்ந்த சிப்பாயின் பெயர்? அது மட்டும் இல்லை! கோட்டை மதிலுக்கு மத்திய அரசின் தொல்லியல் துறை காவல் இருக்கிறது. மதிலுக்கு முன்னே மாண்டவனுக்கு ஒரு வரி எழுத்து இல்லை.

"அது 270 ஆண்டுக்கு முந்திய கதையப்பா! எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர் அப்போது?" என்று கேட்கலாம். சரி, அதை விட்டுவிடுவோம். எழுதத் தெரிந்தவர்கள், ஏடு வைத்திருந்தவர்கள், சம்பளப் பட்டியலும் சாவுப் பட்டியலும் பிசகாமல் வைத்திருந்தவர்கள் நடத்திய போர் ஒன்று உண்டே — 1914இல் மூண்ட முதல் உலகப் போர் — அதைப் பார்ப்போம்.

அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து 13 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். பிரான்சு, மெசபடோமியா, எகிப்து, கிழக்கு ஆப்பிரிக்கா என்று வரைபடத்திலேகூடப் பார்த்திராத நாடுகளுக்குப் போனார்கள். ஏறத்தாழ 74,000 பேர் திரும்பவில்லை. சென்னை சாப்பர்ஸ் படையிலே நம் தமிழர்கள் பாலம் கட்டினார்கள், பாதை வெட்டினார்கள், பதுங்குகுழி தோண்டினார்கள். போர் முடிந்ததும் வெள்ளை அரசு நன்றி சொல்ல நினைத்தது. பழைய சென்னை மாகாணத்தின் ஊர்கள் பலவற்றிலே சலவைக்கல் பலகை பதித்தது. வேப்பந்தட்டை அப்போது திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தது. திருச்சி நகரத்திலே, காந்தி மார்க்கெட் அருகே, அந்தப் போருக்காக எழுப்பிய நினைவுச் சின்னத்தை இன்றும் காணலாம்.

ஊர்தோறும் பதித்த அந்தப் பலகைகளிலே என்ன எழுதினார்கள் தெரியுமா? 'இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குச் சென்றனர். அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர்.' அவ்வளவுதான்! போனவர் ஒரு எண். மாண்டவர் ஒரு எண். சந்தைக்குப் போன மாட்டைக் கணக்கெழுதுவதுபோல மனிதனைக் கணக்கெழுதி, அதைச் சலவைக்கல்லிலே செதுக்கி, அதற்கு நினைவுச் சின்னம் என்று பெயரும் சூட்டினார்கள்!

பெயர் தெரியாததால் எண் போட்டார்களா? அதுதான் இல்லை. சான்று வேண்டுமென்றால் ஈராக் நாட்டுப் பாஸ்ராவுக்குச் செல்ல வேண்டும். மெசபடோமியாப் போர்முனையிலே மாண்டு, கல்லறை எதுவென்று அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டவர்களுக்காக 1929இல் அங்கே ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். வெள்ளைப் பட்டாளத்தின் கடைசிச் சிப்பாய்வரை பெயர் பொறித்தார்கள். இந்தியப் பட்டாளத்திலே அதிகாரியாக இருந்தவனுக்கும் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்க்கு? பட்டாளத்தின் பெயரைப் போட்டு, அதிகாரிகளின் பெயரைப் போட்டு, 'மற்றும் இத்தனை சிப்பாய்கள்' என்று ஓர் எண்ணைப் போட்டு முடித்துவிட்டார்கள். பெயர்கள் பதிவேட்டிலே இருந்தன. கல்லுக்கு வரத்தான் தகுதி இல்லையாம்!

இது ஏதோ நம் ஆத்திரத்திலே பிறந்த குற்றச்சாட்டு என்று எண்ணிட வேண்டாம். அந்தச் சின்னங்களைக் காத்துவரும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டு, இந்தியரும் ஆப்பிரிக்கருமாக 45,000 முதல் 54,000 பேர்வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது; மன்னிப்பும் கேட்டது. நூறாண்டு கழித்து வந்த மன்னிப்பு! கேட்டவர்கள் உண்டு. கேட்டுக்கொள்ளக் காதுள்ளவர்கள்தாம் எவரும் உயிரோடு இல்லை.

இதிலே இன்னொரு வேதனை. இதே வெள்ளை அரசுதான் அதற்கு முன்பே, 'தென்னாட்டான் போருக்கு ஆகமாட்டான்' என்று முத்திரை குத்தியிருந்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் என்பவர், பிறகு இந்தியப் படைக்கே தலைவரானார். சில சாதியார்தாம் வீர இனம், மற்றவர் மட்டம் என்பது அவருடைய சித்தாந்தம். பிறப்பிலே வீரம், பிறப்பிலே தாழ்வு! நமக்குத் தெரிந்த வருணாசிரமத்துக்குக் காக்கிச் சட்டை போட்டுவிட்டால் எப்படி இருக்கும், அப்படி! சென்னைப் படையின் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. ஆனால் இரண்டாம் உலகப் போர் வந்து கழுத்தைப் பிடித்ததும், மறுபடி ஆள் எடுக்கும் பறை தென்னாட்டிலே ஒலித்தது. ஆள் வேண்டும்போது வீரன், வேண்டாதபோது மட்டம்!

தோழர்களே! வெள்ளையன் எண் எழுதினான். நம் முன்னோர் என்ன எழுதினார்கள்?

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையிலே 2006இல் சில நடுகற்கள் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தியவை, தமிழி எழுத்தாலானவை. ஆநிரை கவர்ந்த பூசலிலே மாண்டவனுக்கு எடுத்த கல். அதிலே அந்தவன் என்று அவன் பெயர் இருக்கிறது. கூடலூர் என்று ஊர் இருக்கிறது. அவன் மன்னனல்ல, மந்திரியல்ல. மாட்டுக்காக மடிந்த ஊர்க்காரன். தொல்காப்பியம் இதற்கோர் இலக்கணமே வகுக்கிறது. கல்லைத் தேர்ந்தெடுப்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது என்று ஒவ்வொரு படியையும் பெயரிட்டுக் கூறுகிறது.

செங்கம் பக்கத்திலே எடுத்தனூர் என்றோர் ஊர். அங்கே ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போராடி மாண்டான். அவனோடு அவன் நாயும் நின்று கள்ளரைக் கடித்தது. அந்த நாயையும் கல்லிலே செதுக்கினார்கள். செதுக்கியதோடு விட்டார்களா? அதன் பெயரையும் எழுதினார்கள். கோவிவன்! பல்லவர் காலத்து நாயின் பெயர், 1,300 ஆண்டு கடந்து, இன்று நம் நாவிலே ஒலிக்கிறது. இருபதாம் நூற்றாண்டிலே கடல் கடந்து மாண்ட சிப்பாய் 'மற்றும் இத்தனை பேர்' ஆகிவிட்டான். எது நாகரிகம், எது காட்டுமிராண்டித்தனம் என்று தீர்ப்புக் கூறுங்கள்!

நம் பக்கத்துக் குறையையும் கூறத்தான் வேண்டும். தருமபுரி, செங்கம் வட்டாரங்களிலே பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரிலே சாமியாகிவிட்டன. எண்ணெயும் மஞ்சளும் அப்பி அப்பி எழுத்து மறைந்தது. எழுத்து மறைந்ததும் மனிதன் மறைந்தான். வெள்ளையன் எண்ணிலே புதைத்தான். நாமோ கற்பூரப் புகையிலே மறைத்தோம். கல்லுக்குப் படையல் போடுவது மரியாதையல்ல. கல்லிலே இருப்பதைப் படிப்பதுதான் மரியாதை.

"வெள்ளைக்காரன் போருக்குக் கூலிக்குப் போனவனுக்கு நாம் ஏன் கல் நடுவது?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். போரை மூட்டியவன் வேறு, போருக்குப் போனவன் வேறு. மானாவாரிச் சோளம் பொய்த்த வீட்டிலே, மாதச் சம்பளம் என்ற சொல்லைக் கேட்டதும் கிளம்பியவன் அவன். பேரரசு வேண்டியா கிளம்பினான்? அடுப்பு எரிய வேண்டிக் கிளம்பினான்! பேரரசைக் கண்டிப்போம், அதன் கொடியை இறக்கியும் விட்டோம். ஆனால் அந்த ஏழையின் பெயரையும் சேர்த்து இறக்கிவிட்டால், வெள்ளையன் தொடங்கிய வேலையை நாம் முடித்துக் கொடுத்தவர்களாவோம்.

முடியாத காரியமா இது? 2019 பிப்ரவரி 25ஆம் நாள் டில்லியிலே திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்திலே, விடுதலைக்குப் பின் மாண்ட 25,000க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு ஆளுக்கொரு கருங்கல்லிலே பெயர் பொறித்திருக்கிறார்கள். அதிகாரிக்கும் கல், சிப்பாய்க்கும் கல். ஆனால் டில்லி எங்கே, வேப்பந்தட்டை எங்கே? மகன் பெயரைத் தடவிப் பார்க்கத் தாய் இரயிலேறி டில்லிக்கா போவாள்?

கார்கில் போரிலே, 1999 மே 29 அன்று படாலிக் பகுதியிலே வீழ்ந்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியிலே நினைவுச் சின்னம் இருக்கிறது. இருக்க வேண்டும், இருப்பது நமக்குப் பெருமை. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவிலே மத்திய ரிசர்வ் போலீசு படையினர் 40 பேர் குண்டுவெடிப்பிலே மாண்டனர். அவர்களில் ஒருவர் அரியலூர் மாவட்டம் கார்குடியைச் சேர்ந்த சிவச்சந்திரன். அன்று நாடே அழுதது. நாடு அழுவது ஒரு வாரம். ஊர் நினைப்பதுதான் ஆண்டுக்கணக்கு. ஐம்பது ஆண்டுக்குப் பின் பிறக்கும் பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சொல்லப்போவது எது? ஊரிலே நிற்கும் கல்தான்.

ஆகவே, வேப்பந்தட்டை வட்டாரத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடும் நாட்களைக் காத்திருங்கள். எழுந்து நின்று தீர்மானம் கேளுங்கள்: எங்கள் ஊரிலிருந்து படைக்குச் சென்று மாண்டவர் பெயரை ஊர் நடுவே கல்லிலே பொறிக்க வேண்டும் என்று! பட்டியலுக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டாம். மாவட்டத்திலே முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டை யாரும் தேடிப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டிமார் டிரங்குப் பெட்டியின் அடியிலே ஓய்வூதியப் புத்தகமும் பதக்கமும் பழைய கடிதமும் மடித்துக் கிடக்கும். அவற்றை வாங்கிப் படியுங்கள், பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்லுக்கா பஞ்சம்? பெரம்பலூர் மாவட்டத்துக் குவாரிகளிலிருந்து நாள்தோறும் லாரி லாரியாகக் கல் போகிறதே! ஒரு பலகை கொடுத்தால் மலை குறைந்துவிடாது.

எழுதும்போது மூன்று கட்டுப்பாடு. சாதிப் பட்டம் கூடாது. கல்லிலேயாவது சமத்துவம் இருக்கட்டும். பதவி வரிசை கூடாது. அகர வரிசை போதும். திறந்துவைத்தவர் பெயர் மாண்டவர் பெயரைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. அது நம் கட்சிக்காரர் பெயராக இருந்தாலும் சரி! பெயர், ஊர், ஆண்டு, வீழ்ந்த இடம். இந்த நான்கும் போதும்.

நாய்க்குப் பெயர் எழுதிய இனம், நம் பிள்ளைக்குப் பெயர் எழுதாமலா இருக்கும்? அடுத்த கிராம சபையிலே கேட்போம்!