ஓர் அழைப்பைக் கற்பித்தல்: சதுர நடனம் தரும் பாடம்

அமெரிக்க நாட்டுப்புற நடனங்களுள் ஒன்று சதுர நடனம். நான்கு இணைகள், அதாவது 8 பேர், ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் நிற்பர். அடுத்து எந்த அசைவு வரும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ‘காலர்’ எனப்படும் அழைப்பாளர் இசைக்கேற்ப ஒவ்வோர் அசைவின் பெயரையும் சொல்வார். கேட்டவுடன் ஆட வேண்டும். எனவே ஒவ்வோர் அழைப்பும் முன்னரே பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரின் செயென் மவுண்டன் பள்ளிக் கண்காணிப்பாளர் லாயிட் ஷா, தம் மாணவர்களுக்கு இந்நடனத்தைக் கற்பித்தார். ‘கௌபாய் டான்சஸ்’ என்னும் அவரது நூல் 1939இல் வெளிவந்தது.

கற்பிக்கும் முறை

‘ஸ்விங் த்ரூ’ என்ற அழைப்பை எடுத்துக்கொள்வோம். 4 பேர் ஒரே வரிசையில், ஒருவர் வடக்கும் அடுத்தவர் தெற்குமாக மாறி மாறிப் பார்த்து, கைகோத்து நிற்பர். இதன் வரையறை எளிது: வலக்கையால் சுற்ற முடிந்தவர்கள் அரைச் சுற்று சுற்ற வேண்டும், பிறகு இடக்கையால் சுற்ற முடிந்தவர்கள் அரைச் சுற்று சுற்ற வேண்டும்.

அழைப்பாளர் முதலில் நிற்கும் அமைப்பைக் காட்டுவார். அடுத்து வரையறையைச் சொல்வார். பிறகு இசையின்றி மெதுவாக நடக்க வைப்பார். அதன் பின்னரே இசை. நான்கு முறை செய்தால் ஒவ்வொருவரும் தொடங்கிய இடத்துக்கே திரும்புவர். சரியாகச் செய்தோமா என்று அவர்களே சோதித்துக்கொள்ளலாம்.

நான் செய்த தவறு

விளையாட்டுப் பாடவேளையில் 7ஆம் வகுப்பு மாணவர்கள் நால்வருக்கு இதைக் கற்பித்துப் பார்த்தேன். ஓரத்தில் நின்றவர்களின் வலக்கை, பக்கத்தில் இருந்தவரின் வலக்கையைப் பற்றியிருந்தது. எளிதாகப் புரியட்டும் என்று, “ஓரத்தில் இருப்பவர்கள் முதலில் சுற்றுங்கள்” என்றேன். பிழையில்லாமல் செய்தார்கள். மகிழ்ந்தேன்.

பிறகு நால்வரையும் நின்ற இடத்திலேயே பின்பக்கம் திரும்பச் சொன்னேன். இப்போது நடுவில் இருவரின் வலக்கைகள்தாம் கோத்திருந்தன. முதலில் சுற்ற வேண்டியவர்கள் அவர்களே. ஆனால் ஓரத்து மாணவர்கள் இடக்கையால் சுற்றத் தொடங்க, வரிசை கலைந்தது. “சார், ஓரத்துல இருக்கறவங்கதானே முதல்லன்னு சொன்னீங்க?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் கேட்டது சரி. ஓர் அமைப்புக்கு மட்டும் பொருந்தும் குறுக்குவழியை வரையறையின் இடத்தில் வைத்தவன் நான்.

சதுர நடனத்தில் இதற்குத் தீர்வாக, இடத்தை மனப்பாடம் செய்யாமல் வரையறையைக் கொண்டு ஆடப் பழக்கும் முறை உண்டு. ஒரே அழைப்பைப் பல அமைப்புகளிலிருந்து தருவார்கள். தடுமாறினால் திட்டுவதில்லை, நிறுத்தி, மீண்டும் நடக்க வைப்பார்கள்.

வகுப்பறையில்

அன்று மாலை என் கணக்குப் பாடம் நினைவுக்கு வந்தது. முக்கோணத்தின் அடிப்பக்கத்தை எப்போதும் கரும்பலகையில் கிடைக்கோடாகவே வரைந்து வந்திருக்கிறேன். மறுநாள் அதே முக்கோணத்தைச் சாய்த்து வரைந்து, உயரம் எது என்று கேட்டேன். பரப்பளவுச் சூத்திரத்தைத் தடையின்றிச் சொன்ன பலர் தடுமாறினர். அவர்கள் கற்றது உயரத்தை அல்ல, செங்குத்தாக நிற்கும் கோட்டை.

இப்போது எந்தக் கருத்தைக் கற்பித்தாலும் இரண்டாவது எடுத்துக்காட்டைத் திருப்பி வைத்தே தருகிறேன். மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்க்கிறேன். பல நேரங்களில் அங்கே நிற்பது நான் சொல்லிக்கொடுத்த குறுக்குவழிதான்.