மாப்பிள்ளையின் புகுந்த வீடு

எழுவான்கரையிலுள்ள குருக்கள்மடத்துத் துறையிலிருந்து படுவான்கரையின் அம்பிளாந்துறைக்கு ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மிதவையை எங்கள் பக்கத்தில் 'பாதை' என்பார்கள். அந்தப் பாதையில் நின்ற ஒரு பெண், தன் மச்சானைப் பார்த்து, "மறுகா, எப்ப மச்சான் எங்கட வளவுக்கு வாறீங்க?" என்று கேட்டதையும், அவன் கைப்பிடியைத் துடைத்தவாறே, "தங்கச்சிட வீட்டுக்கு ஓடு போடட்டும் மச்சாள், மறுகா பாப்பம்" என்று நழுவியதையும், கரை சேரும்வரை இருவரும் விடாமல் ஒருவரையொருவர் சீண்டியதையும் கண்டபோது, இருநூறு வருஷங்களுக்கு முந்திய ஓர் ஆங்கில நாவல் என் ஞாபகத்துக்கு வந்தது.

மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் சித்தசுவாதீனம் இழந்தமையால் அவருடைய மூத்த குமாரர் பிரதிநிதியாக இருந்து ஆண்ட 1811 முதல் 1820 வரையான காலத்தை ஆங்கிலேயர் 'ரீஜென்சி' என்பர். வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த போதகர் மட்டக்களப்பில் பள்ளி தொடங்கிய 1814உம், கண்டி இராச்சியம் வீழ்ந்த 1815உம் அக்காலத்தைச் சேர்ந்தவையே. கலியாணம் வேண்டாமென்று நிற்கும் சிநேகிதர் இருவர் தம்மையறியாமலே காதலில் விழும் உல்லாசக் கதைகளை அக்காலத்தைக் களமாக வைத்து 20ஆம் நூற்றாண்டில் ஜோர்ஜெற் ஹேயர் போன்றோர் எழுதினார்கள். ஆயினும் அவற்றின் ஊற்று, அந்தக் காலத்திலேயே வாழ்ந்த ஜேன் ஆஸ்டின் 1815 டிசம்பரில் வெளியிட்ட 'எம்மா' என்றே நான் கொள்வேன்.

கதாநாயகி எம்மாவுக்கு வயது 21; சொத்து 30,000 பவுண். மற்றவர்களுக்கு வரன் தேடுவதில் அளவற்ற உற்சாகமுடைய அவள், தனக்கு மட்டும் விவாகம் அவசியமில்லை என்கிறாள். அவளைவிடப் பதினாறு வயது மூத்த நைட்லியோ, அவளுடைய குற்றங்களை முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்லும் ஒரே சிநேகிதர்; தனிக்கட்டையாகவே காலங்கழித்தவர். அவருடைய தம்பி எம்மாவின் அக்காளை மணந்திருப்பதால், எங்கள் கணக்கில் அவர் அவளுக்கு மச்சான் முறையே.

அவளுடைய தயக்கத்தை வெறும் செருக்கென்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. மணமானதும் பெண்ணின் கைப்பணம் கணவனுக்குரியதாகிவிடும் சட்டம் அந்நாட்டில் இருந்தது. மட்டக்களப்பிலோ குடி தாய்வழியாக வருவது. வீடும் வளவும் மகளுக்கென்று ஏற்படுவது. பிறந்த வீட்டை விட்டுப் போகிறவன் ஆண். தங்கைமாருக்கு வீடு கட்டி முடியும்வரை தம் கலியாணத்தைத் தள்ளிவைக்கும் அண்ணன்மார் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. பாதையில் கேட்ட அந்தப் பதிலைச் சாக்கென்று நினைத்துச் சிரித்தவர்கள், அதிலிருந்த பாரத்தையும் அறிந்திருப்பார்கள்.

எம்மாவும் நைட்லியும் மனமொப்பியபின் எழுந்த பெருஞ்சிக்கலும் வீடு பற்றியதுதான். நோயஞ்சித் தந்தையைத் தனியே விட்டு வர அவள் சம்மதிக்கவில்லை. தன் பெரிய மாளிகையை விட்டு அவள் வீட்டிலேயே வந்து குடியிருக்க நைட்லி இசைந்தார். அந்த ஊரார் வியந்த இந்த ஏற்பாட்டைக் குருக்கள்மடத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். அப்போதும் தந்தை நாட்குறிக்க இணங்கவில்லை. அயல்வீட்டுக் கூட்டிலிருந்த வான்கோழிகள் அத்தனையையும் ஓரிரவு கள்வர் கொண்டுபோன பிறகுதான், வீட்டில் ஓர் ஆண்துணை இருப்பது நல்லதென்று கலங்கி, மருமகன் வந்து சேர உடன்பட்டார்.