ஊராட்சி மன்றமும் தோட்டத்து மக்களும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

பேராக்கில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. தோட்டத்து மக்களில் பலர் தாமான்களிலும் மலிவுவிலை வீடுகளிலும் குடியேறிவிட்டார்கள். தோட்டத்தில் இருந்தவரை தண்ணீர், விளக்கு, கூரை என எந்தக் குறையானாலும் ஆபீசுக்குப் போய்க் கிராணியிடம் சொல்வதுதான் வழக்கம். தாமானில் அப்படி ஒரே ஆபீஸ் கிடையாது. யாரிடம் போவது என்று தெரியாததாலேயே பல குறைகள் தீராமல் கிடக்கின்றன. மக்களிடையே அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இதோ.

சந்தேகம்: எங்கள் ஊர் எந்த மன்றத்தின் கீழ் வருகிறது?

விளக்கம்: பேராக்கில் 15 ஊராட்சி மன்றங்கள் உள்ளன. ஈப்போவுக்கு 1988 முதல் மாநகர் மன்றம். தைப்பிங், மஞ்சோங், கோலகங்சார், தெலுக் இந்தான் ஆகியவற்றுக்கு நகராண்மைக் கழகங்கள். தாப்பா, பத்து காஜா, கம்பார் போன்ற ஊர்களுக்கு மாவட்ட மன்றங்கள். சுங்கை சிப்புட் மக்கள் ஈப்போவுக்குப் பக்கத்தில் இருந்தாலும், அவர்களுடைய ஊர் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. உங்கள் வீட்டுக்கு வரும் மதிப்பீட்டு வரி பில்லின் தலைப்பில் மன்றத்தின் பெயர் இருக்கும். பில்லே வராத கம்பமானால் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

சந்தேகம்: சாலை, சாக்கடை, குப்பை எல்லாமே மன்றத்தின் வேலைதானா?

விளக்கம்: எல்லாம் அல்ல. தாமானுக்குள் இருக்கும் சாலை, சிறு சாக்கடை, தெருவிளக்கு, விளையாட்டுத் திடல் ஆகியவை பொதுவாக மன்றத்தின் பொறுப்பு. பேராக்கில் குப்பை அள்ளுவதும் அப்படியே. சுங்கை சிப்புட், ஈப்போ வழியாகச் செல்லும் முதலாம் எண் கூட்டரசுச் சாலை பொதுப்பணி இலாகாவின் பராமரிப்பில் உள்ளது. ஆறுகளும் பெரிய வடிகால்களும் வடிகால், நீர்ப்பாசன இலாகாவைச் சேர்ந்தவை. குடிநீருக்குப் பேராக் நீர் வாரியத்தை நாட வேண்டும். புகாரை எழுத்து மூலம் கொடுங்கள். இடம், தேதி, விளக்குக் கம்பத்தின் எண், படம் ஆகியவற்றைச் சேருங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். வாய்வழியாகச் சொன்ன புகாருக்குத் தடயம் இருக்காது.

சந்தேகம்: நாங்கள் இன்னும் தோட்டத்து லயத்தில்தான் இருக்கிறோம். மன்றம் ஏன் எங்கள் பக்கம் வருவதில்லை?

விளக்கம்: தோட்டம் தனியார் நிலம். தொழிலாளர்களுக்கான வீடு, குழாய்த் தண்ணீர், மின்சாரம், பழுதுபார்ப்பு ஆகியவற்றை 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியிருக்கிறது. நிர்வாகம் தட்டிக்கழித்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். ஆனால் இந்தப் பாதுகாப்பு வேலையோடு பிணைந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டின் மீதுள்ள பிடியும் தளர்ந்துவிடும். வேலையில் இருக்கும்போதே சொந்த வீட்டுக்கு வழிதேடுவது அவசியம்.

சந்தேகம்: மன்ற உறுப்பினர்களுக்கு நாம் ஏன் வாக்களிப்பதில்லை?

விளக்கம்: ஒரு காலத்தில் வாக்களித்தோம். சீனிவாசகம் சகோதரர்கள் தலைமையேற்ற மக்கள் முற்போக்குக் கட்சி ஈப்போ நகர் மன்றத்தைத் தேர்தலில் வென்றே நடத்தியது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணைக் குழு தேர்தலை மீண்டும் நடத்தப் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைநிறுத்தியது. இப்போது ஒரு மன்றத்துக்கு 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை மாநில அரசு நியமிக்கிறது. ஒரு தவணை மூன்று ஆண்டுக்கு மேற்படாது.

வரி கட்டும் மக்கள் தங்கள் மன்றத்தைத் தாங்களே தேர்ந்தெடுப்பதுதான் நியாயம். ஆதி நாகப்பன் குழுவின் பரிந்துரை இன்றும் பொருந்தும். இருந்தாலும், இன்றைய சட்டத்திலேயே ஒரு பிடி இருக்கிறது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களாகவும், ஊராட்சியில் அனுபவமோ தொழில்துறையில் சிறப்போ பெற்றவர்களாகவோ தங்கள் சமூகத்தின் நலனை எடுத்துரைக்கக் கூடியவர்களாகவோ இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. உங்கள் பகுதிக்குப் பொறுப்பான உறுப்பினர் யார் என்று மன்றத்தில் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

சந்தேகம்: நில வரி கட்டிவிட்டோம். மதிப்பீட்டு வரி வேறா?

விளக்கம்: வேறுதான். நில வரி மாநில அரசுக்காக நில அலுவலகம் வசூலிப்பது. மதிப்பீட்டு வரி மன்றத்துக்குச் சேர்வது. ஆண்டுக்கு இரண்டு தவணையாக, பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்டு இறுதிக்குள்ளும் கட்ட வேண்டும். சொத்து மதிப்பீட்டுப் பட்டியலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சட்டம் சொல்கிறது. மாநில அரசு அந்தக் காலத்தை நீட்டிக்கலாம். உங்கள் வீட்டுக்குப் போட்ட மதிப்பு அதிகம் என்று தோன்றினால், மறுபரிசீலனைக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்பே எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். மன்றத்தின் முடிவு திருப்தி தராவிட்டால் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு குறிப்பு: முழுக்க வழிபாட்டுக்கே பயன்படும் இடத்துக்கு மாநில அரசு இந்த வரியிலிருந்து விலக்கு அளிக்கலாம். அது தானாக வரும் என்று இருந்துவிடாமல் விண்ணப்பியுங்கள்.

சந்தேகம்: தோட்டத்தை விற்று வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது என்கிறார்கள். லயத்தில் இருப்பவர்கள் ஏதாவது செய்ய முடியுமா?

விளக்கம்: முடியும்; ஆனால் முன்கூட்டியே செய்ய வேண்டும். எந்த நிலத்தில் வீடு, எங்கே தொழிற்பேட்டை, எந்த இடம் கோயிலுக்கு, எந்த இடம் மயானத்துக்கு என்பதையெல்லாம் உள்ளூர்த் திட்டம் என்னும் ஆவணமே முதலில் வரைகிறது. அதன் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரம் அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் விதி. பின்னாளில் தனித்தனித் திட்டங்களுக்கு அனுமதி கேட்கப்படும்போது, சில வேளைகளில் அண்டை நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு போகும். லயத்தில் இருப்பவர்கள் நில உரிமையாளர்கள் அல்லர். ஆகவே அவர்கள் பேச வேண்டிய இடம் அந்த நான்கு வாரம்தான். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் வரைபடத்தில் இருக்கின்றனவா என்று அப்போதே போய்ப் பாருங்கள்.

சந்தேகம்: மன்றக் கூட்டத்துக்கு நாம் போகலாமா?

விளக்கம்: போகலாம். மன்றம் தீர்மானம் போட்டு மூடினாலொழிய, முழு மன்றக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது என்று ஊராட்சிச் சட்டம் கூறுகிறது. செயற்குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. பார்வையாளர்களாகப் போகிறவர்கள் பேச முடியாவிட்டாலும், யார் எதைக் கேட்டார், எது முடிவானது என்பதை நேரில் அறியலாம்.

குடியிருப்போர் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் தலா ஒருவரையாவது அடுத்த மன்றக் கூட்டத்துக்கு அனுப்புங்கள். கேட்டு வந்ததை ஊர் மக்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.