மிதிவண்டியில் புதுவைக் கிராமங்கள்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் கராச்சர்மாத் தமிழ்க் குடும்பங்களில் தாயகப் பயணத்தைப் பற்றிய பேச்சே பெரும் பேச்சாகிவிடுகிறது. கப்பலில் ஏறக்குறைய மூன்று நாட்களைக் கழித்துச் சென்னைத் துறைமுகத்தில் இறங்குவோரும், விமானத்தில் சில மணி நேரத்தில் சென்று சேருவோரும் உடனே ஒரு வாடகைக் காரைப் பிடித்து, உற்றார் வீடு, கோயில், துணிக்கடை என்று ஓடத் தொடங்குகின்றனர். நாட்கள் பறந்துவிடுகின்றன. தீவில் பிறந்த நம் பிள்ளைகள் மதகு எது, கலிங்கு எது, நாற்றங்கால் எது என்று அறியாமலே திரும்பி வருகின்றனர். அவர்கள் கண்ட தமிழகம் கார்க் கண்ணாடிக்கு அப்பால் ஓடி மறைந்த தமிழகமே. இக்குறையை நீக்க எளியதொரு வழி உண்டு. பயண நாட்களில் இரண்டையேனும் மிதிவண்டிக்கு ஒதுக்குவதே அவ்வழி.

மேலை நாட்டார் இதனை ஒரு கலையாகவே வளர்த்துள்ளனர். பிரான்சு நாட்டில் ரயில் ஓடாது நின்றுபோன பாதைகள் பலவற்றின் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்து, அத்தடங்களை நடப்போருக்கும் மிதிவண்டிக்காரருக்கும் உரிய பசுமை வழிகளாக மாற்றியிருக்கின்றனர். அவற்றில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. பர்கண்டி நாட்டுப்புறத்தில் ழிவ்ரி என்னும் ஊரிலிருந்து குளூனி வரை சுமார் 44 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தகைய வழி 1997-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. குளூனி, கி.பி. 910-இல் நிறுவப்பட்ட புகழ்மிக்க துறவி மடத்தின் ஊர். தெற்கே, 1666 முதல் 1681 வரை வெட்டப்பட்டதும் 240 கிலோமீட்டர் நீளமுள்ளதுமான மீதிக் கால்வாயின் கரைகளிலும் மக்கள் மிதிவண்டியில் செல்கின்றனர். திராட்சைத் தோட்டங்களும் பழைய பாலங்களும் கோட்டைகளும் அவர்களுடைய இருபுறமும் மெல்ல நகர்கின்றன.

பழைய ரயில் பாதை மிதிவண்டிக்கு ஏன் இத்துணைப் பொருத்தமாகிறது என்று நேயர்கள் வினவலாம். ரயில்வேத் துறையிலே ஊழியம் செய்பவன் என்ற முறையில் இதற்கு விடை கூற இயலும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மீது உருளும்போது பிடிப்பு மிகக் குறைவு. ஆகவே நூறு அடிக்கு ஓரடி உயர்வதையே ரயில்வேப் பொறியாளர் பெரும் ஏற்றமாகக் கருதுவர். மேட்டை வெட்டியும் பள்ளத்தை மேடாக்கியும் பாதையைச் சீராக அமைப்பர். அவ்வழியில் முதியோரும் சிறுவரும் மூச்சு வாங்காமல் பெடலை மிதித்துச் செல்லலாம். கால்வாய்க் கரையும் அத்தகையதே. நீர் நிற்கும் இடத்தில் நிலம் சமமாக இருந்தே தீரவேண்டுமன்றோ?

நிற்க. இந்த இன்பத்தைத் துய்க்க நாம் பிரான்சுக்குச் செல்ல வேண்டுவதில்லை. பிரெஞ்சுக்காரர் நம் தமிழ் மண்ணிலேயே தமக்கென ஒரு நாட்டுப்புறத்தை ஆண்டிருந்தனர். 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் காலூன்றிய புதுச்சேரி, கடற்கரை நகரம் மட்டுமன்று. மேற்கிலும் தெற்கிலும் பரந்து கிடக்கும் வயல்களும் ஏரிகளும் அதில் அடங்கும். சிறிது சிறிதாகப் பெற்ற ஊர்களாதலால் அவை ஒரே நிலப்பரப்பாக அமையாமல் திட்டுத் திட்டாகச் சிதறியுள்ளன. ஒரு காலைப் பொழுதில் மிதிவண்டியில் செல்பவர் புதுவையிலிருந்து தமிழ்நாட்டுக்கும், தமிழ்நாட்டிலிருந்து மீண்டும் புதுவைக்குமாகப் பல முறை எல்லை தாண்டுவார். பெயர்ப் பலகையைப் பார்த்தாலன்றி எல்லை தெரியாது. பிரெஞ்சு ஆட்சியில் ஏற்பட்ட ‘கொம்யூன்’ என்னும் சொல் இன்றும் வில்லியனூர், பாகூர் பஞ்சாயத்துப் பெயர்களில் நிலைத்திருக்கிறது.

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் நம்மவர் பெரும்பாலோர் விழுப்புரம் சந்திப்பைக் கடந்தே செல்கின்றனர். அங்கிருந்து புதுவைக்கு 38 கிலோமீட்டர். 1879-ஆம் ஆண்டிலேயே இப்பாதையில் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. புதுவை நகரில் மிதிவண்டிகள் வாடகைக்குக் கிடைக்கும். சொந்த வண்டி இருப்பின் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து பிரேக் வேனில் கொண்டு செல்லவும் இடமுண்டு.

முதல் நாள் மேற்கே செல்லலாம். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலை வணங்கி, ஊசுட்டேரியை நோக்கித் திரும்பவேண்டும். சுமார் 800 ஹெக்டேர் பரப்புள்ள இவ்வேரியின் ஒரு பகுதி புதுவைக்கும் மறுபகுதி தமிழ்நாட்டுக்கும் உரியது. குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் இங்கே வந்து தங்குகின்றன. பின்னர்க் கிராமச் சாலைகளின் வழியே கீழூரை அடையலாம். சிறிய ஊரே ஆயினும் சரித்திரத்தில் பெரிய ஊர். 1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் இங்கே கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர்; எண்மர் எதிர்த்தனர். அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16-இல் நிறைவேறியது. வாக்கெடுப்பினால் ஓர் ஆட்சி முடிவுக்கு வந்த அந்த இடத்தில் நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. சிறைத் தீவு என்று பெயர் பெற்ற மண்ணில் வளரும் நம் பிள்ளைகள், விடுதலை வாக்குச் சீட்டினாலும் வரும் என்பதை அங்கே நின்று அறிந்துகொள்ளுதல் நலம்.

மறுநாள் தெற்கே அரிக்கமேட்டுக்குச் செல்லலாம். அரியாங்குப்பம் ஆற்றின் கரையிலுள்ள இம்மேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலரும், அவருக்குப்பின் பிரெஞ்சு அறிஞர் கசாலும் அகழ்ந்து, ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளையும் மணிகளையும் கண்டெடுத்தனர். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்த வாணிகம் இங்கே நடைபெற்றதென்பதற்கு அவை சான்று. அங்கிருந்து மேலும் தெற்கே சென்றால் பாகூர். ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில் இவ்வூர்க் கல்வி நிலையத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு தெரிவிக்கின்றது. பெண்ணையாற்று நீரை பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குக் கொண்டு சேர்க்கிறது. வாய்க்கால் ஓரத்து மண் தடமும் ஏரிக்கரையும் மிதிவண்டிக்கு வாய்த்த இடங்கள். ஒருபுறம் நீர், மறுபுறம் கரைக்குக் கீழே பச்சை வயல். பிரெஞ்சுக்காரர் பெருஞ்செலவில் அமைத்துக்கொண்ட பசுமை வழியை நம் முன்னோர் உழவின் பொருட்டே அமைத்து வைத்துள்ளனர் என்றால் அது மிகையாகாது.

இனி, சில நடைமுறைக் குறிப்புகள். மண் தடத்திற்கு அகன்ற டயரே ஏற்றது. காற்றைச் சற்றுக் குறைவாக வைத்தால் கல்லின் அதிர்ச்சியை டயரே தாங்கிக்கொள்ளும். மிகக் குறைத்தாலோ கல்லுக்கும் சக்கர விளிம்புக்கும் இடையே நசுங்கி டியூப் பழுதாகும். மாற்று டியூபும் சிறு பம்பும் உடன் இருத்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைக் களிமண் சக்கரத்தில் ஒட்டி வண்டியை நகரவிடாது. மார்கழி முதல் மாசி வரை மிக நல்ல காலம். மே மாதத்தில்தான் இயலுமென்போர் விடியுமுன் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் நிழலில் ஒதுங்கவேண்டும். நுங்கும் மோரும் வழியில் கிடைக்கும். நெடுஞ்சாலையைத் தவிர்க்க முடியாத இடங்களில் பிள்ளைகளை இறக்கி, வண்டியைத் தள்ளிச் செல்லச் செய்வதே அறிவுடைமை.

ஒரு செய்தியை ஈண்டு வற்புறுத்த விரும்புகிறேன். இத்தடங்கள் என்றென்றும் அமைதியாகவே இருக்குமென்று எண்ணுதற்கில்லை. கரைமேல் தார் போட்டால் மறுநாளே லாரியும் மோட்டார் சைக்கிளும் ஏறிவிடும். விளைந்த நெல்லை விரைவாகக் கொண்டு செல்ல உழவருக்கும், பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கும் நல்ல சாலை வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. அச்சாலை ஊரை ஊரோடு இணைக்கட்டும். ஏரிக்கரையை மட்டும் காலுக்கும் மிதிவண்டிக்கும் விட்டுவைக்கலாம். யாரும் பயன்படுத்தாத தடத்தைக் காப்பாற்ற யாரும் முன்வரமாட்டார்கள். பேரளம் முதல் காரைக்கால் வரை 1898-இல் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஏற்பட்ட ரயில் பாதை 1980-களில் மூடப்பட்டது. தடம் அடியோடு மறைந்துபோகாததால் அண்மையில் அதே வழியில் புதிய பாதையை அமைக்க முடிந்தது. நிலத்தை ஒருமுறை இழந்தால் மீட்பது அரிது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நம் ஊரையும் எண்ணிப் பார்ப்போம். பெருஞ்சாலையில் வண்டிகள் பெருகிவிட்டமையால் பிள்ளைகளை மிதிவண்டியில் அனுப்பக் கராச்சர்மாப் பெற்றோர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் நியாயமானதே. எனினும், சமநிலமும் குறைந்த போக்குவரத்தும் உள்ள ஷாகித் தீவு நமக்கு ஒரு படகுப் பயணத் தொலைவில் இருக்கிறது. ஒரு ஞாயிறன்று அங்கே சென்று சிறுவர்களைப் பழக்கலாம். அதன்பின் அடுத்த விடுமுறையில் நாலைந்து குடும்பங்கள் ஒன்றுகூடிப் புதுவைக்குச் செல்லட்டும். தாத்தா கூறிய ஏரியும் வாய்க்காலும் கதையல்ல, கண்முன் உள்ளவை என்று பிள்ளைகள் தெளிவார்கள். தாயகத்தின்பால் அன்பு கொள்க என்று நூறு முறை உபதேசிப்பதினும், அதன் மண்ணின்மீது பத்து மைல் தூரம் மெல்லச் செல்வது மேலான பாடமாகும்.