வெறும் வானத்தில் பறக்காத பட்டம்

தைப்பொங்கல் பின்னேரம் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நான் முதன்முதல் எடுத்த வீடியோவில் ஒரு பட்டமும் பறக்கவில்லை. நேரில் பறந்தன. நாள்கணக்கில் மினக்கெட்டுக் கட்டிய பட்டங்கள், அவற்றில் பூட்டிய விண் நார் கூவிக்கொண்டு. நான் சூம் பண்ணி, ஒவ்வொன்றையும் பிரேமின் நடுவில் பிடித்து, அது போன பக்கமெல்லாம் கமராவைத் திருப்பினேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் நீலத் துணியில் ஒட்டிய படங்கள்போல எல்லாம் அப்படியே நிற்கின்றன. நாற்பது நிமிட வீடியோ, உருப்படியாக ஒரு ஷொட் இல்லை.

பருத்தித்துறைப் பக்கம் போகும் சைக்கிளைத் தொடர்ந்து கமராவைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் மதிலும் வேலியும் ஓடும்; சைக்கிள் போவது தெரியும். வானத்தில் மதில் ஏது? பட்டத்தோடு கமராவும் போனால் பட்டத்தின் ஓட்டத்தைக் கமராவே தின்றுவிடும்.

அடுத்த முறை ட்ரைபொட்டைக் கடலுக்கு முதுகு காட்டி வைத்தேன். தை மாதத்தில் இங்கே காற்று வடகிழக்கில், கடலிலிருந்து ஊருக்குள் அடிக்கும். கரையில் ஏற்றும் பட்டம் ஊருக்கு மேல்தான் நிற்கும். பிரேமின் அடியில் கூரை விளிம்பும் பனை வட்டும் வரும்படி அகலமாக வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். பட்டம் பனையைத் தாண்டியது, சரிந்தது, பிரேமை விட்டே வெளியே போனது. திரும்பி வருமா என்று பார்க்கிறவர் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பை எந்தக் கிம்பலும் தராது.

அப்படியென்றால் கமராவை அசைக்கவே கூடாதா? பக்கத்தில் நூல் விட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: “தம்பி, நீர் பட்டத்தையே பாத்துக்கொண்டு நிக்கிறீர். அது என்ன செய்யுதெண்டு நூலைப் பிடிச்சவன்ரை கையைப் பாத்தால்தான் தெரியும்.”

அன்றைக்கு நல்ல ஷொட் அதுதான். துணி சுற்றிய விரல்கள், இழுபட்டு விறைத்த நூல். அங்கிருந்து நூல் வழியே மெதுவாக மேலே, நூல் பட்டத்தோடு சேரும் முச்சை வரை. கமரா ஏன் ஏறுகிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள், நூல் கூட்டிக்கொண்டு போகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பின்னேர வெயில் நேரே லென்ஸுக்குள் விழும். போனைத் தானாக வெளிச்சம் பார்க்க விட்டால் பாதி வழியில் படம் ‘பக்’கென்று இருண்டுவிடும். முதலில் வானத்தைக் காட்டி, திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள். கை கொஞ்சம் கறுத்துத் தெரியும், தெரியட்டும்.

கூட்டத்தை இடமிருந்து வலமாகக் காட்டும்போது அவசரம் வேண்டாம். செக்கனுக்கு 25 பிரேமில் எடுத்தால், ஒரு முகம் பிரேமின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக ஏறக்குறைய 7 செக்கன் கொடுக்கவேண்டும் என்பது கமராக்காரர்களின் பழைய கணக்கு. அதைவிட வேகமாகத் திருப்பினால் படம் துள்ளும்.

1896-இல் லூமியேர் நிறுவனத்தின் அலெக்சாந்தர் புரோமியோ வெனிஸ் நகரத்துப் படகொன்றில் கமராவை வைத்துக் கரையைப் படமெடுத்தார். கமரா நகர்ந்த முதல் படங்களில் அதுவும் ஒன்று. வல்வெட்டித்துறையில் படகுக்கா பஞ்சம்? கரையோடு ஒட்டி ஒரு வள்ளம் மெதுவாகப் போனால், கிட்ட நிற்கும் சனம் வேகமாக நகரும், தூரத்துப் பட்டங்கள் அசையாமல் நிற்கும். பட்டம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் பெரிய பட்டமொன்று ஓர் இளைஞரைக் கயிற்றோடு மேலே தூக்கிய போன் வீடியோவை உலகமே பார்த்தது. ஆளும் கயிறும் ஒரே பிரேமில். பயப்பட அது போதும்.

ட்ரோன் விடலாமா என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு: சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் ஒருபுறம் இருக்கட்டும். இத்தனை நூல் நிற்கும் வானத்துக்குள் ட்ரோனை விட்டால் அதுவும் போகும், யாரோ பாடுபட்டுக் கட்டிய பட்டமும் போகும். விடாதீர்கள்.

அடுத்த கிழமை: இருட்டில் மின்குமிழ் பூட்டிய பட்டங்கள்.