வாடகைச் செட்டாப் பெட்டி: பழுதுச் செலவு யாரைச் சேர்ந்தது?

உவரி என்னும் சொல்லுக்குக் கடல் என்றும் உவர்நீர் என்றும் அகராதிகள் பொருள் கூறும். திசையன்விளையை அடுத்துக் கடலோரத்தில் அமைந்துள்ள உவரியில் இரும்புப் பொருள் எதுவும் நெடுநாள் நிலைப்பதில்லை என்பதை அவ்வூரார் நன்கறிவர். படகின் ஆணி, சன்னற் கம்பி, கிணற்று உருளை ஆகிய யாவும் உப்புக் காற்றுக்கு இரையாகின்றன. இவ்வரிசையில் கடந்த இருபது ஆண்டுகளாக மேலும் ஒரு பொருள் சேர்ந்துள்ளது. வீட்டு மாடியில் பொருத்தப்படும் தொலைக்காட்சி டிஷ்தான் அது.

படம் நின்றுவிடுகிறது. நிறுவனத்தின் பழுது பார்ப்பவர் வருகிறார். டிஷ்ஷின் தண்டு துருப்பிடித்துவிட்டது, எல்.என்.பி. கெட்டுவிட்டது, பெட்டியிலும் கோளாறு உள்ளது என்று கூறி ஒரு தொகை கேட்கிறார். பொருள் தம் வீட்டுக் கூரைமேல் இருப்பதால் செலவும் தம்மையே சாரும் என்று எண்ணி அங்கத்தினர் பலர் பணத்தைக் கொடுத்துவிடுகின்றனர். ஆனால் அப்பொருள் அவருடையதுதானா? இவ்வொரு வினாவுக்கு விடை கண்டால் செலவு யாரைச் சேர்ந்தது என்பதும் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

சாதனத்தின் உறுப்புகள்

பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்டுள்ள செயற்கைக்கோள் அனுப்பும் அலைகளை டிஷ் வாங்கி, தன் முன்னே நீண்டிருக்கும் தண்டின் முனையிலுள்ள எல்.என்.பி. என்னும் சிறு கருவியில் குவிக்கிறது. அக்கருவி அலையின் அதிர்வெண்ணைக் குறைத்து, வடத்தின் வழியாகக் கீழே அனுப்புகிறது. செட்டாப் பாக்ஸ் என்னும் பெட்டி அதைப் படமாகவும் ஒலியாகவும் மாற்றித் தருகிறது. பெட்டிக்கு மின்சாரம் தரும் அடாப்டரும் ரிமோட்டும் இவற்றோடு சேர்ந்தவை.

நம் நாட்டு நிறுவனங்கள் பயன்படுத்தும் கோள்கள் உவரிக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் அமைகின்றன. ஆகவே அவ்வூரில் டிஷ்களைக் கடற்பக்கமே திருப்பிப் பொருத்த வேண்டியிருக்கிறது. உப்புக் காற்று அவற்றை நேராகவே தாக்குகிறது. ஆடி மாதக் காற்றின் வேகத்தையோ சொல்ல வேண்டுவதில்லை. இராதாபுரம் வட்டாரத்தில் காற்றாலைகள் பெருகியதற்கு அக்காற்றே காரணம். டிஷ் சிறிதளவு திசை மாறினாலும் படம் போய்விடும்.

இங்கு ஒரு வேறுபாட்டை உணர்தல் அவசியம். படம் நிற்பதெல்லாம் சாதனத்தின் பழுதன்று. கனமழை பெய்கையில் அலை வலுவிழப்பது இயற்கை. மழை விட்டதும் தானே சரியாகும். 2010 ஜூலையில் இன்சாட்-4பி கோளில் மின்வழங்கற் கோளாறு நேர்ந்தபோது, அதனை நம்பியிருந்த சன் டைரக்ட் சேவை பெரிதும் தடைப்பட்டது. கூரைமேலிருந்த டிஷ்ஷிலும் கூடத்திலிருந்த பெட்டியிலும் அன்று எக்குறையும் இல்லை. எனவே படம் நின்றால், அண்டை வீட்டில் அதே நிறுவனத்தின் படம் வருகிறதா என்று முதலில் விசாரித்தல் நலம்.

பொருள் யாருடையது?

செட்டாப் பாக்ஸ் ஒரு வீட்டுக்கு மூன்று வழிகளில் வந்து சேரலாம். முழு விலை கொடுத்து வாங்குவது ஒன்று. தவணை தீரும்வரை நிறுவனத்தின் உடைமையாகவும், பின்னர் வீட்டாருடையதாகவும் ஆகும் தவணைக் கொள்முதல் மற்றொன்று. மாத வாடகை கொடுத்தோ, முன்பணம் கட்டியோ பயன்படுத்தி, சேவையை நிறுத்தும்போது திருப்பித் தருவது மூன்றாவது.

இணைப்புப் பெறும் நாளில் ஒரு தொகை கொடுத்தவுடன் பெட்டியை விலைக்கு வாங்கிவிட்டதாகவே பலர் கருதுகின்றனர். கையெழுத்திட்ட படிவத்திலோ, சாதனம் நிறுவனத்தின் உடைமையாகவே இருக்கும் என்று அச்சிட்டிருக்கக்கூடும். கொடுத்த தொகை விலையா, முன்பணமா, பொருத்துக் கூலியா என்பது ரசீதைப் பார்த்தால்தான் விளங்கும். இலவசமாகத் தரப்பட்டது என்பதாலும் பொருள் நம்முடையதாகிவிடாது. தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. நிறுவனம் 2017 செப்டம்பர் முதல் இலவசமாக வழங்கிய பெட்டிகளையும், சேவையைக் கைவிடும்போது திருப்பித் தரவேண்டும் என்பதே ஏற்பாடு. இதற்கு மாறாக, 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய மாதக் கட்டணமற்ற டிஷ் சேவைக்குரிய பெட்டியைக் கடையில் வாங்குகிறோம். அது முற்றிலும் நம்முடையது. உத்தரவாதம் தரவேண்டியவரும் அதை விற்றவரும் செய்தவருமே.

சட்டம் கூறும் நியாயம்

தறியை வாடகைக்கு எடுத்து நெய்பவரை எண்ணிப் பாருங்கள். தறிமரம் நாட்பட்டு உளுத்துப் போனால் அது தறிக்கு உடையவர் பொறுப்பு. நெய்பவர் கவனக்குறைவால் ஓர் உறுப்பை உடைத்தால் அது அவர் பொறுப்பு. வாடகைக்கு எடுத்த தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கும் இதுவே நியாயம். பயனால் நேரும் தேய்மானத்துக்கு ஈடாகத்தானே வாடகை வாங்கப்படுகிறது?

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்நியாயத்தையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. வாடகைக்குக் கொடுத்த பொருளில் குறையிருந்து அதனால் தீங்கு நேர்ந்தால், அக்குறையை உடையவர் அறிந்திருந்தாலும் அறியாதிருந்தாலும் அவரே பொறுப்பாளி என்கிறது 150ஆம் பிரிவு. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் பிறர் பொருளைக் காக்கவேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. அவ்வாறு காத்தும் பொருள் அழிந்தால், தனி ஒப்பந்தம் ஏதும் இல்லாதவிடத்து, வைத்திருந்தவர் ஈடு தரவேண்டுவதில்லை என்கிறது 152ஆம் பிரிவு. பழுது பார்க்கும் கூலியை இப்பிரிவுகள் நேராகக் குறிப்பிடவில்லை. எனினும் உடையவர் கடமையும் பயன்படுத்துவோர் கடமையும் எங்கெங்கே நிற்கின்றன என்பதை இவை தெளிவாக்குகின்றன.

தொலைக்காட்சிச் சேவைக்கென்றே தனி விதிகளும் உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய், 2007ஆம் ஆண்டில் டி.டி.எச். சேவைக்கான தரவிதிகளை வெளியிட்டது. 2017ஆம் ஆண்டின் விதிகள் கேபிள், டி.டி.எச். ஆகிய இரண்டுக்கும் பொதுவாக அமைந்தன. இவற்றின் சாரம் இதுவே: உத்தரவாத காலம் முடியாத பெட்டியையும், வாடகைக்குத் தந்த பெட்டியையும் பழுது பார்த்துத் தருவது நிறுவனத்தின் கடமை, வீட்டார் பெட்டியைத் திறந்தோ சிதைத்தோ இருந்தாலன்றி அப்பழுதுக்குக் கட்டணம் கேட்கலாகாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓர் அங்கத்தினர் பெட்டிக்கு மாதம் 40 ரூபாய் வாடகை தருவதாக வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளில் அவர் கொடுத்த வாடகை 1,440 ரூபாய். பெட்டி தானாகவே கெட்டபோது பழுதுக்கென்று மேலும் 600 ரூபாய் கொடுப்பாரானால், உடையவர் ஏற்கவேண்டிய செலவை இரண்டாம் முறையும் அவரே ஏற்கிறார்.

உத்தரவாதத்தின் எல்லை

விலைக்கு வாங்கிய பெட்டிக்குப் பொதுவாக ஓராண்டு உத்தரவாதம் தரப்படுகிறது. அதன் எல்லையை அறியாமல் எல்லாம் அடங்கும் என நம்புவதும் தவறு. பல படிவங்களில் உத்தரவாதம் பெட்டிக்கு மட்டுமே உரியது, டிஷ், எல்.என்.பி., வடம், ரிமோட், அடாப்டர் ஆகியவை விலக்கப்பட்டிருக்கும், அல்லது அவற்றுக்குக் குறுகிய காலமே குறிக்கப்பட்டிருக்கும். துரு, இடி, மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, வெள்ளம் ஆகியவற்றால் வரும் சேதத்தையும் நிபந்தனைகள் விலக்குவது வழக்கம். உவரியில் முதலில் கெடுவது கூரைமேல் இருப்பதே. உத்தரவாதம் காப்பதோ பெரும்பாலும் கூடத்தில் இருப்பதை. இம்முரண்பாட்டைக் கடலோர ஊரார் மறக்கலாகாது.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையையும் தாமிரபரணியின் வெள்ளத்தையும் நாம் மறந்திலோம். அத்தகைய வெள்ளத்தில் சொந்தப் பெட்டி அழிந்தால் இழப்பு வீட்டாருடையது. வாடகைப் பெட்டி அழிந்தால், படிவத்தில் தனி நிபந்தனை இல்லாதவரை, மேற்கூறிய 152ஆம் பிரிவு வீட்டாருக்குத் துணை நிற்கிறது. எக்காரணத்தால் அழியினும் விலையைத் தரவேண்டும் என்று படிவம் கூறுமாயின் நிலைமை வேறாகும். ஆதலால்தான் கையெழுத்திடுமுன் அவ்வொரு வரியையேனும் தேடிப் படிக்கவேண்டும்.

வருகைக் கட்டணம்

பழுது பார்க்கும் கூலி வேறு. வீடு தேடி வருவதற்கு வாங்கும் கட்டணம் வேறு. 2017ஆம் ஆண்டு விதிகள் பொருத்துதல், வருகை முதலியவற்றுக்கு உச்சவரம்பு விதித்திருந்தன. 2024 ஜூலையில் டிராய் அவ்வரம்புகளை நீக்கி, அக்கட்டணங்களை நிறுவனங்களே நிர்ணயித்து வெளியிடுமாறு விட்டுவிட்டது. எனவே பழைய வரம்பைக் காட்டி இன்று வாதிடுதல் பயன் தராது. நிறுவனம் வெளியிட்டுள்ள கட்டணம் எவ்வளவு என்று தொலைபேசியிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு மேற்பட்ட தொகையை மறுப்பதே இன்றைய வழி.

முறையிடும் வழி

முதலாவது, நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணையும் தேதியையும் குறித்து வைக்க வேண்டும். வாய்மொழியாக உள்ளூர் முகவரிடம் சொல்வது புகாராகாது. அதனால் தீராவிடில், நிறுவனம் நியமித்துள்ள தொடர்பு அலுவலருக்கு எழுதலாம். டிராய் விதிகளை வகுக்குமேயன்றித் தனியொருவர் வழக்கைத் தானே விசாரித்துத் தீர்ப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இவற்றாலும் பயன் இல்லையெனில், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி திருநெல்வேலியிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். நிறுவனத்தின் தலைமையகம் எந்நகரில் இருப்பினும், முறையிடுவோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர இச்சட்டம் இடமளிக்கிறது. கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞரை அமர்த்தியே தீரவேண்டும் என்பதும் இல்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை

1. இணைப்புப் பெறும் நாளிலேயே படிவத்தின் நகலைக் கேட்டுப் பெறுக. விலையா, தவணையா, வாடகையா என்பதை ரசீதில் எழுதச் சொல்லுக.

2. முன்பணம் எவ்வளவு, அது எப்பொழுது, எவ்வளவு கழித்துத் திரும்பும் என்பதைக் கேட்டறிக.

3. பெட்டியின் எண்ணையும் பொருத்திய தேதியையும் குறிப்பேட்டில் எழுதி வைக்க. உத்தரவாதம் அத்தேதியிலிருந்தே கணக்கிடப்படும்.

4. பெட்டியைத் திறக்காதீர்; உள்ளூர் மெக்கானிக்கிடம் கொடுத்தும் திறக்கவிடாதீர். முத்திரை உடைந்தால் நிறுவனத்தின் பொறுப்பும் அத்துடன் நீங்கும்.

5. டிஷ் பொருத்தும்போதே துத்தநாகம் பூசிய திருகாணிகளைக் கேட்டுப் பெறுக. வடத்தின் இணைப்பு முனைகளில் நீர்புகா நாடாவைச் சுற்றச் செய்க. இடி மின்னலின்போது பெட்டியின் மின்னிணைப்பையும் டிஷ் வடத்தையும் கழற்றி வைக்க.

6. பழுது பார்ப்பவர் பணம் கேட்டால், எந்த உறுப்புக்கு, எக்காரணத்தால் என்று ரசீதில் எழுதச் சொல்லுக. மாற்றிய பழைய உறுப்பையும் காட்டச் சொல்லுக.

7. சேவையை நிறுத்தும்போது வாடகைப் பெட்டியை ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்து மூலம் சான்று வாங்குக. சான்றில்லாமல் முன்பணத்தைத் திரும்பக் கேட்பது கடினம்.

ரசீது எழுதித் தர இயலாது என்று பழுது பார்ப்பவர் கூறுவாராயின், பணத்தை அன்றே கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. புகார் எண்ணைச் சொல்லி நிறுவனத்தைக் கேட்டபின் கொடுப்பதாகத் தெரிவித்தால் போதும். நியாயமான தொகையாயின் மறுநாளும் கொடுக்கலாம். நியாயமற்றதாயின் அது நம் கையிலேயே நிற்கும்.